வால்வுக்கும் காதுக்கும் பொருத்தம் பார்த்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். தன் கையாலேயே வால்வு வைத்து ஒரு ஹெட்போன் ஆம்பிளிபயர் செய்திருக்கிறார். அதற்கு முன்னால் வைக்க ஒரு பிரீஆம்பும் தனியாகச் செய்திருக்கிறார். படத்தில் வால்வுகள் அகல்விளக்கு வரிசை போல எரிகின்றன. கூடவே ஒரு கேள்வி: "சார், ஒரு ஹெட்போனில் அருமையாகப் பாடுகிறது. அதைவிட விலை கூடிய இன்னொன்றை மாட்டினால் சத்தம் சோர்ந்து போகிறது. பிரீஆம்பைச் சேர்த்தால் வால்யூமைத் தொட்டாலே கத்துகிறது, இரைச்சலும் வருகிறது. வால்வு கெட்டுவிட்டதா?"

வால்வு கெடவில்லை, பொருத்தம்தான் கெட்டிருக்கிறது. இதை இரண்டு வரியில் பதிலாக எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மனிதர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்த நீளம்.

காதில் தொடங்கியது

ஹெட்போனுக்கு வால்வு என்பது ஏதோ இன்றைய புது மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வால்வு முதலில் பாடியதே ஹெட்போனில்தான்.

1904இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பிவலையை வைத்தார். அந்த வலைக்குப் பெயர் கிரிட். கிரிட்டில் சிறு மின்னழுத்தம் ஏறி இறங்கினால், பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டம் பெரிதாக ஏறி இறங்கும். மடையில் பலகையை ஒரு விரல் தூக்கினால் வாய்க்கால் முழுவதும் தண்ணீர் பாய்கிறதல்லவா, அதே கதைதான். பலகையைத் தூக்கும் கைக்கும் பாயும் தண்ணீருக்கும் பலத்தில் சம்பந்தமே இல்லை. இதைத்தான் வகுப்பில் பெருக்கம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் நல்ல ஒலிபெருக்கி கிடையாது. கேட்க வேண்டுமானால் காதில் மாட்ட வேண்டும். 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அந்த வகை ஹெட்போன்களுக்குள் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதனால் அவற்றின் இம்பீடன்ஸ் 2000 ஓம் அளவுக்கு இருக்கும். பேச்சுக்கு இதைத் தடை என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த 2000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வால்வு தர விரும்புவது நிறைய மின்னழுத்தம், கொஞ்சம் மின்னோட்டம். 2000 ஓம் ஹெட்போன் கேட்பதும் அதையேதான். ஆகவே அன்று ஹெட்போனை நேரடியாக வால்வின் பிளேட் சுற்றிலேயே மாட்டினார்கள், நடுவில் தரகர் தேவைப்படவில்லை. பொருத்தம் தானாக அமைந்த சம்பந்தம் அது.

சென்னையில் 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 'மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பும் தொடங்கியது. அரசு வானொலி என்று ஒன்று வருவதற்கு முன்பே ஆர்வலர்கள் கூடி நடத்திய ஒலிபரப்பு அது. அன்றைய ஆர்வலர்கள் உலகமெங்கும் செட்டைத் தாங்களே கட்டித்தான் கேட்டார்கள். 'டூ இட் யுவர்செல்ஃப்' என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, அன்று அதற்குத் தனிப் பெயரே தேவைப்படவில்லை. பணமில்லாமல் 1927இல் கிளப் நின்றது. கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் போயின. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது.

காதிலிருந்து தெருவுக்கு

1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் இன்று நாம் பயன்படுத்தும் சுருள்-காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் மூல வடிவத்தை வெளியிட்டார்கள். அதன் பிறகு ஒலி காதை விட்டு வீட்டுக்குள்ளும், வீட்டை விட்டுத் தெருவுக்கும் வந்தது.

நம் பக்கத்துக்கு வானொலி வந்தது திருச்சி வழியாக. திருச்சி நிலையம் தொடங்கியது 1939 மே 16இல். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் தனி மாவட்டங்கள் அல்ல, பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல்தான் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007இல் மீண்டும் தனியானது. எனவே திருச்சி வானொலி நமக்கு வெளியூர் வானொலி இல்லை, சொந்த மாவட்டத்து வானொலி.

வீட்டுக்கு ஒரு ரேடியோ என்பதெல்லாம் பின்னால் வந்தது. தபால் ஆபீஸில் வருடா வருடம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் பேட்டரி ரேடியோ. அதற்கு ஃபிலமென்டுக்கு ஒன்றரை வோல்ட்டும் பிளேட்டுக்கு 90 வோல்ட்டும் தரும் பெரிய பேட்டரிக் கட்டு வாங்க வேண்டும். வாங்கக்கூடியவர் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். 1956 நவம்பர் 23 விடியலில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகக் காரணமான விபத்து அது. பக்கத்தில் நடந்த அந்த விபத்தின் முழு விவரத்தையே அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. சின்ன அறைக்குள் ரேடியோ, வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் திருச்சி நிலையத்தின் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஊருக்கே பொதுவாகக் கேட்கும். அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற நெல்லை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள், வானொலி மூலம் பரவியதால். விதைக்கே வானொலியின் பெயர் வந்தது நம் காவிரிப் பக்கத்தில்தான்.

சினிமாப் பாட்டின் கதை வேறு. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கிய பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. தொலைவிலிருந்து வரும் அந்தச் சிற்றலைப் பாட்டு ஏறி இறங்கி அலையும். அதைப் பிடித்துத் தரும் செட்டுக்கு மரியாதை அதிகம், அந்தச் செட்டைப் பழுது பார்ப்பவருக்கு இன்னும் அதிகம்.

மைக் செட்டுக்காரர்கள்

இப்போது நான் சொல்ல வந்த மனிதர்களிடம் வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் எதுவானாலும் நம் ஊர்களில் 'ரேடியோ கட்டியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அந்த 'ரேடியோ' என்பது மைக் செட். ஓர் ஆம்பிளிபயர், ஓர் இசைத்தட்டுப் பெட்டி, ஒரு மைக், மரத்திலும் கம்பத்திலும் கட்டிய இரண்டு அல்லது நான்கு குழாய். கம்பெனிச் செட்டும் உண்டு. சிகாகோ ரேடியோ, அஹூஜா என்ற பெயர்கள் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். சிகாகோ ரேடியோ என்றால் அமெரிக்கக் கம்பெனி அல்ல. மோத்வானி குடும்பம் நடத்திய நம் நாட்டுக் கம்பெனி, விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தது.

கம்பெனிச் செட்டு விலை கூடுதல். அதனால் நம் பக்கத்து மெக்கானிக்குகள் தாங்களே கட்டினார்கள். சேசிஸ் தகரம் வெட்டியது உள்ளூர்ப் பட்டறையில். கண்டன்சரும் ரெசிஸ்டரும் திருச்சியிலிருந்து, இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து. பழைய சாமானுக்கும் பழைய ரேடியோ புத்தகத்துக்கும் மூர் மார்க்கெட். டிரான்ஸ்பார்மர் மட்டும் எங்கே கிடைத்தது தெரியுமா? நம் பெரம்பலூர் பக்கம் கிணற்றுப் பாசனம். மோட்டார் எரியாத மாதம் கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, சுற்றுக் கணக்கைச் சொல்லி, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சுற்றி வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். விவசாயத்துக்கு இருந்த கைத்தொழில் பாட்டுக்கும் உதவியது.

வால்வு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நிலை மாறியது 1961இல். அந்த ஆண்டு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இராணுவத்துக்காக 1954இல் தொடங்கிய அரசு நிறுவனம் செய்த வால்வுகள் நம் ஊர்த் தேர்த் திருவிழாவிலும் எரிந்தன. இன்று அந்த 'பி.இ.எல்.' முத்திரை வால்வுகள் வெளிநாட்டுப் பழைய பொருள் சந்தையில் விலைபோகின்றன.

அந்த மெக்கானிக்குகளில் பலர் பள்ளி இறுதி கூடத் தாண்டாதவர்கள். ஓம் விதியைச் சொல்லச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பொருத்தம் தெரியும். மூன்று இடங்களில் அதைப் பார்த்தேன்.

முதலாவது, குழாய்ப் பொருத்தம். ஆம்பிளிபயரின் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருக்கும். ஒரு குழாய் 16 ஓம். ஒன்றை மட்டும் கட்டினால் 16இல் மாட்டு. இரண்டைப் பக்க இணைப்பில் கட்டினால் 8இல் மாட்டு. நான்கு என்றால் 4. சைக்கிளில் குழாயைத் தூக்கி வரும் பையனுக்குக்கூட இது அத்துப்படி. நான் கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தும் பாடம் அது. 'குழாய் மாட்டாமல் செட்டைப் போடாதே' என்பது அவர்களின் இன்னொரு கட்டளை. வால்வு ஆம்பிளிபயரைச் சுமையில்லாமல் முழுச் சத்தத்தில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளே பொறி பறக்கும், சுற்று எரியும். காரணம் தெரியாமலே காப்பாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது, ஜோடிப் பொருத்தம். பெரிய செட்டில் கடைசியில் இரண்டு வால்வு இருக்கும். 1936இல் வந்த 6எல்6 நெடுநாள் அந்த வேலையைச் செய்தது. ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். கிணற்றில் இரண்டு பேர் மாறி மாறிக் கயிறு இழுப்பது போல. இரண்டும் ஒரே அளவு மின்னோட்டம் இழுத்தால் டிரான்ஸ்பார்மரின் இரும்பில் இரண்டு காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மின்சார உறுமலும் அடங்கும். ஒன்று இளைத்து ஒன்று கொழுத்திருந்தால் உறுமல் வரும், சத்தம் கரகரக்கும். அதனால் பெட்டி நிறைய வால்வைப் பரப்பி, ஒவ்வொன்றாகச் செருகி, மீட்டர் வைத்து, ஜோடி சேர்ப்பார்கள். இன்று விலை கூட்டி விற்கும் 'மேட்ச்டு பேர்' இதுதான். வீட்டில் செய்ய வழி எளிது: ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து அதன் குறுக்கே அளந்தால், 0.4 வோல்ட் காட்டினால் 40 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள்.

மூன்றாவது, முன்பின் பொருத்தம். மைக் தருவது சில மில்லிவோல்ட். கடைசி வால்வுக்கு வேண்டியது பல வோல்ட். நடுவில் ஆளை நிறுத்த வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் இசிசி83. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஒரு கட்டத்திலேயே சுமார் 50, 60 மடங்கு பெருக்கும். இசைத்தட்டின் கிரிஸ்டல் முள் அரை வோல்ட், ஒரு வோல்ட் தருவதால் அதை இந்தக் கட்டத்தில் விடாமல் அடுத்த கட்டத்தில் இணைப்பார்கள். எந்த விருந்தாளியை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்ற விவரம் அது.

பெயரைப் படிக்கும் வித்தையையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து இ என்றால் ஃபிலமென்டுக்கு 6.3 வோல்ட். சி என்றால் ட்ரையோடு. இரண்டு சி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு. எல் என்றால் கடைசிக் கட்டத்துக்கான சக்தி வால்வு. எண் 8இல் தொடங்கினால் ஒன்பது கால். இனி இஎல்84 என்று பார்த்தால் அது யார் என்று உங்களுக்கே தெரியும்.

வால்வு போனதும் ஹெட்போன் வந்ததும்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதே 1947இல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்ற இளம் பொறியாளர் வீட்டில் கட்டக்கூடிய உயர்தர வால்வு ஆம்பிளிபயர் ஒன்றை 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டார். 1954இல் முல்லார்டு நிறுவனம் ஐந்து வால்வில் பத்து வாட் தரும் தன் சுற்றை வெளியிட்டது. ஒரு கலை உச்சிக்குப் போன சமயத்தில்தான் அதைத் தள்ளிவிட வேறொன்று பிறந்திருக்கிறது. நம் பக்கம் எழுபதுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோ கைக்கு வந்தது. பின்னர் மைக் செட்டும் மாறியது. சூடேறும்வரை காத்திருக்க வேண்டாம், எடை பாதி, கார் பேட்டரியிலேயே ஓடும். தொழில் செய்கிறவர் மாறாமல் என்ன செய்வார்? வால்வுச் செட்டுகள் பரணுக்குப் போயின, பிறகு எடைக்குப் போயின.

அதே காலத்தில் ஹெட்போன் வேறு பிறவி எடுத்தது. 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சுருள் அசையும் வகை ஹெட்போனைச் செய்தது. 1958இல் அமெரிக்காவின் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1979இல் சோனி வாக்மேன் வந்தது. இரண்டு சின்ன பேட்டரியில் ஓட வேண்டும், மின்னழுத்தம் கிடையாது. ஆகவே ஹெட்போனின் தடையைக் குறைத்தார்கள். 2000 என்று இருந்தது ஸ்டூடியோக்களில் 600, 300 ஆகி, பாக்கெட்டுக்குள் 32க்கு வந்து நின்றது.

சிங்கப்பூர் மாணவரின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஹெட்போனுக்கு ஒரு மில்லிவாட் சக்தி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், அதுவே நல்ல சத்தம்.

2000 ஓம் என்றால்: 1.4 வோல்ட், 0.7 மில்லி ஆம்பியர்.
300 ஓம் என்றால்: 0.55 வோல்ட், 1.8 மில்லி ஆம்பியர்.
32 ஓம் என்றால்: 0.18 வோல்ட், 5.6 மில்லி ஆம்பியர்.

சக்தி ஒன்றுதான். ஆனால் ஒருவர் மின்னழுத்தம் கேட்கிறார், ஒருவர் மின்னோட்டம் கேட்கிறார். இசிசி83 சும்மா இருக்கும்போது ஓடுவதே ஒரு மில்லி ஆம்பியர் அளவு. அது எப்படி 5.6 தரும்?

அதனால்தான் ஹெட்போனுக்கென்று செய்பவர்கள் 6ஏஎஸ்7 என்ற பருத்த வால்வைத் தேடிப் போகிறார்கள். ரஷ்யப் பெயர் 6என்13எஸ். இது பாட்டுக்காகப் பிறந்ததே அல்ல, மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கப் பிறந்தது. அதைக் கேத்தோடு வழியாக வெளியே எடுத்தால் அதன் சொந்தத் தடை சுமார் 140 ஓம்மில் நிற்கும். மாணவர் கட்டியிருப்பதும் இதுவே. இப்போது 140 ஓம் ஆளும் ஹெட்போனும் மின்னழுத்தத்தைப் பங்கு போடுகிறார்கள். 2000 ஓம் ஹெட்போனுக்கு நூற்றில் 93 பங்கு கிடைக்கும். 300க்கு 68. 32க்கு வெறும் 19. மீதி வால்வுக்குள்ளேயே தங்கிவிடும். அதோடு ஹெட்போனின் தடை எல்லாச் சுருதிக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால் பங்கும் சுருதிக்குச் சுருதி மாறும். மிருதங்கத்தின் தொப்பி ஊதிப்போய்க் கேட்பது இதனால்தான். விலை கூடிய ஹெட்போன் தோற்கவில்லை தம்பி, உன் செட்டுக்கு அது சம்பந்தி இல்லை.

தரகர் வேண்டும்

32 ஓம் ஹெட்போன்தான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு தரகர் வேண்டும். அவர்தான் நம் காயில் கட்டுகிறவர் சுற்றிக் கொடுத்த டிரான்ஸ்பார்மர். அதன் விதி எளிமையானது: சுற்று விகிதத்தின் வர்க்கம்தான் தடையின் விகிதம். இஎல்84 ஒன்றுக்கு 5000 ஓம் பிடிக்கும். ஹெட்போன் 32. 5000ஐ 32ஆல் வகுத்தால் 156.25, வர்க்கமூலம் 12.5. பன்னிரண்டரைக்கு ஒன்று என்று சுற்றினால் முடிந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதே கணக்கு 25க்கு ஒன்று. 300 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய நான்குக்கு ஒன்று. வர்க்கமூலம் எதற்கு சார் என்று கேட்ட பத்தாம் வகுப்பு நண்பர்கள் இங்கே இருந்தால் கவனிக்கவும்.

அடுத்தது பிரீஆம்ப். மாணவர் இசிசி83 வைத்து ஒரு பழைய சுற்றைப் பார்த்துக் கட்டியிருக்கிறார். அந்தச் சுற்று வரையப்பட்டது மில்லிவோல்ட் தரும் மைக்குக்கு. இன்று அவர் இணைப்பது கணினியிலிருந்து வரும் ஒலியை, அதுவே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட். இரண்டு வோல்ட்டை 50 மடங்கு பெருக்கினால் நூறு! வால்யூமைத் தொட்டதும் கத்தாமல் என்ன செய்யும்? பசியே இல்லாதவனுக்குப் பந்தி பரிமாறுவது போல. வேண்டாத பெருக்கத்தோடு வால்வின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. இன்னொரு குறையும் உண்டு: இசிசி83இன் வெளித்தடை 40,000 ஓம்முக்கு அருகில். பின்னால் வரும் ஆம்பின் நுழைவு 10,000 ஓம் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

வழி: பெருக்கம் குறைந்த இசிசி82ஐ வையுங்கள், இசிசி83ஐவிடக் குறைந்த தடையில் வெளியே தரும். கடைசியில் ஒரு கேத்தோடு ஃபாலோயர் சேர்த்தால் இன்னும் நல்லது. இசிசி83இன் இடத்தில் அப்படியே செருகினாலும் ரெசிஸ்டர்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பிரீஆம்ப் தேவைதானா? இன்றைய கருவிகளுக்குப் பல நேரம் தேவையில்லை. 300 ஓம் ஹெட்போனைப் பாட வைக்கக் கொஞ்சம் பெருக்கம் போதும்.

உயிர் விஷயம்

இனி எழுதுவதை மட்டும் ஆசிரியர் கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் பதிவே என்றாலும் தவறில்லை. காணொளி பார்த்து வால்வுச் செட் கட்டும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். வால்வின் பிளேட்டில் ஓடுவது 250, 300 வோல்ட் நேர்மின்சாரம். செட்டை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சருக்குள் அது உட்கார்ந்திருக்கும். பழைய மெக்கானிக்குகள் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே கை வைப்பார்கள், மின்சாரம் இரண்டு கைக்கும் நடுவே நெஞ்சு வழியாகப் பாயக் கூடாது என்று. கண்டன்சரின் குறுக்கே இரண்டு லட்சம் ஓம் அளவில், தாங்கும் வாட் உள்ள ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பற்ற வையுங்கள், அணைத்ததும் அதுவே வடித்துவிடும். அப்படியும் மீட்டரால் அளந்து, வடிந்துவிட்டது என்று பார்த்த பிறகே தொடுங்கள். சேசிஸுக்கு எர்த் கட்டாயம்.

ஸ்பீக்கர் பத்தடி தள்ளி இருக்கிறது. ஹெட்போன் தலையில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் இல்லாத சுற்றில் உயர் மின்னழுத்தத்துக்கும் உங்கள் காதுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கண்டன்சர். அதை மலிவாக வாங்காதீர்கள், பழையதை எடுத்துப் போடாதீர்கள். வெளியே ஒரு ரெசிஸ்டரைத் தரையோடு இணையுங்கள். வால்வு சூடேறி நிலைக்கும்வரை ஹெட்போனை மாட்டாதீர்கள். என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டுகிறவர்கள் டிரான்ஸ்பார்மர் வழியையே பிடியுங்கள். அது தரகர் மட்டுமல்ல, நடுவில் நிற்கும் சுவரும்கூட.

தாத்தா வீட்டு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்குகிறவர்களுக்கு ஒன்று. வால்வின் பெயர் யு என்று தொடங்கினால், அதாவது யுசிஎல்82, யுஎல்84, யுஒய்85 என்றிருந்தால், அது ஏசி/டிசி செட். அதில் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது, வீட்டு மின்சாரமே நேராகச் சேசிஸில் ஏறியிருக்கும். பிளக்கைத் திருப்பி மாட்டினால் தகடு முழுவதும் ஷாக். அப்படிப்பட்ட செட்டில் ஹெட்போன் குழி வைக்கும் வேலையை எந்தக் காணொளி சொன்னாலும் செய்யாதீர்கள்.

எனக்கு ஒரு உதவி

இன்று புதிய வால்வு ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் தயாராகிறது, கணினி வழியே காசு கொடுத்தால் வீட்டுக்கு வந்துவிடும். சுற்று வரைபடமும் எளிதில் கிடைக்கும். ஆனால் எதோடு எது சேரும் என்ற கைப்பழக்கம் கிடைக்காது. அது ஜெயங்கொண்டத்திலும் செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும், ஒரு காலத்தில் ரேடியோ கடை வைத்திருந்து இப்போது பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் இருக்கிறது. எண்பது வயதைத் தொட்டவர்கள். அவர்கள் எதையும் எழுதி வைத்தவர்கள் அல்ல. டிரான்ஸ்பார்மர் சுற்றுக் கணக்கு ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் இருந்திருக்கும், கடையை மூடிய அன்று குப்பைக்குப் போயிருக்கும்.

உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது போய்ப் பாருங்கள். 'ஐயா, எத்தனை சுற்று சுற்றினீர்கள், கம்பி என்ன கேஜ், எந்த வால்வோடு எந்தக் குழாயைக் கட்டினீர்கள்?' என்று கேளுங்கள். செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பரணில் செட் கிடந்தால் எடைக்குப் போடும் முன் பின்பலகையைக் கழற்றி நான்கு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், உள்ளே தொடாமல். மின்சாரம் மட்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள். வருகிறதையெல்லாம் தொகுத்து, யார் சொன்னது, எந்த ஊர் என்ற விவரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பார்வை சரியாக இருக்கும்வரை செய்யலாம் என்று எண்ணம்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: 300 ஓம் ஹெட்போனை வைத்துக்கொள், பிரீஆம்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார், கேட்டதை எழுது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்